போனைப் பிடித்திருந்தவர்

“அப்பா, போன்ல எல்லாரும் தெரியுறாங்க. போனைப் புடிச்சிருக்கவங்க மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குறாங்க?”

ஷர்மிளா இதைக் கேட்டபோது அவளுக்கு நாலு வயது முடிந்திருக்கவில்லை. வட்டக்கானலில் அவள் அம்மா சுதாராணி வேலை பார்க்கும் விடுதியின் பின்பக்கம், துவைத்த போர்வைகள் காயும் கொடிக்குக் கீழே நின்றுகொண்டு கேட்டாள். அவர்கள் குடியிருப்பில் சிக்னல் கிடையாது. விடுதியில் வைஃபை உண்டு. அதனால் ஷார்ஜாவில் இருக்கும் அப்பாவோடு பேச்செல்லாம் அந்தக் கொடிக்குக் கீழேதான். சுதாராணி போனைப் பிடித்துக்கொள்வாள். குழந்தை ஆடும், பாடும், விழுந்து சிராய்த்த முழங்காலைக் காட்டும்.

ஜெயச்சந்திரன் சிரித்துவிட்டான். “அதானே, உங்கம்மா மூஞ்சியப் பாத்து எம்புட்டு நாளாச்சு. இந்தப் பக்கம் திரும்பச் சொல்லு.”

“பாக்குற மாதிரியா இருக்கேன். கையெல்லாம் சோப்பு” என்றாள் சுதாராணி, போனைத் திருப்பாமலே.

அத்தோடு அந்தக் கேள்வி மறந்து போயிற்று. மறுபடி அது அவன் நினைவுக்கு வந்தது அவனுடைய அம்மா சின்னத்தாய் இறந்த அன்று.

கொடைக்கானலிலிருந்து அடுக்கத்துக்கு இறங்கும் பாதையில் ஒரு வளைவு உண்டு. அதற்குக் கீழே சரிவில் ஒரே வரிசையாகக் கட்டிய வீடுகள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்காக அந்தக் காலத்தில் கட்டிக் கொடுத்தது. அங்கே தோட்டத்தில் இருந்தபோது வரிசை வீடுகளை லயம் என்று சொல்லிப் பழகியவர்கள், இங்கே வந்தும் அதையே சொன்னார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் அப்படியே சொல்கிறார்கள். பூண்டுக் காட்டிலும் கேரட் காட்டிலும் கூலி வேலை. படித்த பையன்கள் டாக்ஸி ஓட்டுகிறார்கள், விடுதிகளில் வேலை பார்க்கிறார்கள். சிலர் கடல் தாண்டிப் போகிறார்கள்.

ஜெயச்சந்திரன் அப்படிப் போனவன். ஷார்ஜாவில் ஒரு ஹோட்டல் சலவைக்கூடத்தில் ராத்திரி வேலை. போகும்போது ஊர்க்காரர்களுக்காக வாட்ஸப்பில் ஒரு குழு ஆரம்பித்துவிட்டுப் போனான். “நம்ம லயம்” என்று பேர். தண்ணீர் வரும் நாள், காட்டு வேலைக்கு ஆள் கூப்பிடுவது, நல்லது, கெட்டது, எல்லாம் அதில் வரும். சிக்னல் எட்டும் அந்த வளைவுக்கு ஏறி வருகிறவர்களுக்கு எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழும். குழுவைக் கட்டி மேய்ப்பது மட்டும் ஷார்ஜாவிலிருந்து இவன்தான்.

அம்மா இறந்த செய்தி வந்தபோது அவன் வேலை மாறிக்கொண்டிருந்தான். பழைய விசாவை ரத்து செய்தாகிவிட்டது, புதியது கைக்கு வரவில்லை. அந்த நேரத்தில் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி வர வழி கிடையாது. ஆபீசுக்கும் அறைக்குமாக அலைந்து பார்த்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

அங்கிருந்து வாட்ஸப்பில் எழுதலாம், பேசிப் பதிந்து அனுப்பலாம். நேருக்கு நேர் கூப்பிட்டால் மட்டும் போகாது. அதற்கு வேறொரு ஆப் வேண்டும். தம்பி ராஜேஷ்குமாரின் போனில் அது இருந்தது. ஆனால் அம்மாவுக்குச் செய்ய வேண்டியவன் இளைய மகன். தலையை மழித்து, ஈர வேட்டி கட்டி, தோளில் குடம் வைத்துப் போகிறவன் எந்தக் கையால் போனைப் பிடிப்பான்? பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை, அதனால் சுதாராணியாலும் முடியாது.

வீட்டு வாசலில் அம்மாவை எடுத்ததை ஜெயச்சந்திரன் பார்க்கவில்லை. அங்கே சிக்னல் இல்லை. ஊர்வலம் வளைவுக்கு ஏறிய பிறகுதான் போன் உயிர் பெற்றது. வளைவை ஒட்டித்தான் இடுகாடு. படம் வந்தபோது நல்ல மழை. கொட்டு முழங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் போனைப் பிடித்திருந்தார். இடுகாட்டின் ஓரத்தில் மேடான இடத்தில் நின்று பிடித்திருந்தார் போலும், எல்லாரும் தெரிந்தார்கள். அம்மா முகம் தெரிந்தது. தம்பி தெரிந்தான். படத்தின் மேல் விளிம்பில் கறுப்புக் குடையின் ஓரம் தெரிந்தது. அதில் ஒடிந்த கம்பி ஒன்றைச் சிவப்பு நூலால் கட்டியிருந்தது. சுற்றிலும் அவ்வளவு மழை பெய்தும் போன் மேல் ஒரு சொட்டு விழவில்லை.

“கொஞ்சம் கிட்டக்கப் போங்க” என்று அழுகையின் நடுவே இவன் கேட்டான்.

“போனா அந்துரும். இங்கன நின்னாத்தான் நீ இருப்ப” என்றது கரகரத்த குரல். கொட்டுச் சத்தத்திலும் மழையிலும் யாருடைய குரல் என்று பிடிபடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் குரல் அதிகம் பேசவில்லை. “இந்தா எறக்குறாங்க, பாத்துக்க” என்றது. “உந்தம்பி மண்ணு போடுறான்” என்றது. குழி மூடி, மேலே பூவைப் போட்டுக் கூட்டம் கலைகிறவரை படம் ஆடவில்லை, அசையவில்லை.

ஒவ்வொருவராகக் குனிந்து மண்ணை அள்ளிப் போட்டதைப் பார்த்தபோதுதான் ஷர்மிளாவின் கேள்வி அவனுக்கு ஞாபகம் வந்தது. எல்லாரும் தெரிகிறார்கள். தனக்காக மழையில் நிற்கிற அந்த ஒரு மனிதர் மட்டும் தெரியவில்லை.

மறுநாள் தம்பியைக் கேட்டான்.

“கூட்டத்துல யாரு கையிலயோ குடுத்தேண்ணே. எனக்கு எங்க நெனவு இருந்துச்சு. குளிச்சிட்டு வந்து பாத்தா, கழட்டி வச்ச சட்டைக்குள்ள சுருட்டிப் பத்தரமா வச்சிருந்துச்சு.”

“நல்லா யோசிச்சுப் பாரு.”

“மூணாம் நாளு காரியத்தப் பாக்குறதா, இத யோசிக்கிறதா?”

ஜெயச்சந்திரனுக்கு அது முள் மாதிரி தங்கிவிட்டது. அம்மாவைக் கடைசியாகப் பார்க்க முடியாமல் போயிருந்தால் அந்தத் துயரத்தைச் சாகிறவரை சுமந்திருப்பான். அப்படி ஆகாமல் தடுத்த கைக்கு ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை. லீவு கிடைத்து ஊருக்கு வரும்போது அந்த ஒன்றை மட்டும் தீர்த்துவிட்டுத்தான் திரும்புவது என்று முடிவு செய்தான்.

ஆறேழு மாதம் கழித்து லீவு கிடைத்தது. வந்த வேகத்தில் ஓட்டு வீட்டின் பின்புறம் ஒழுகுவதைப் பார்த்துத் தகரம் வாங்கி மாற்றினான். வெளிநாடு போவதற்கு முன் கொத்தனாருக்குக் கையாளாக இருந்தவன், அந்த வேலையைக் கை மறக்கவில்லை. சாயங்காலங்களில் ஒவ்வொரு வீடாகப் போனான். காபி கொடுத்தார்கள், அம்மாவைப் பற்றிப் பேசினார்கள். போனைப் பிடித்தது யார் என்று கேட்டால் மட்டும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தார்கள். மழையில் குழியையே பார்த்து நின்றவர்கள் யாரும் திரும்பிப் பார்த்திருக்கவில்லை.

திருமலைச்சாமி ஒருவர்தான் மோவாயைத் தடவிக்கொண்டு, “ஏன், நாந்தான்னு வச்சுக்கயேன்” என்றார்.

ஜெயச்சந்திரன் பரவசமாகி, பையிலிருந்து ஒரு சென்ட் பாட்டிலை எடுத்து அவர் கையில் வைத்தான். அவர் அதை வாங்கி அக்குளில் அடித்துக்கொண்டிருக்கும்போது அவருடைய மனைவி மகாதேவி அடுப்படியிலிருந்து வந்தாள்.

“என்னா வாசம் இது?”

“சின்னத்தாயிய எடுத்தன்னைக்குப் போனப் புடிச்சேன்ல, அதுக்கு மாப்ள குடுக்குறாப்ள.”

“அன்னைக்கு நீரு தேனியில மூட்டை எறக்கிக்கிட்டுல கெடந்தீரு. கேதத்துக்கே வரல.”

“மனசால வந்தேன்டி” என்றார் திருமலைச்சாமி. பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. ஜெயச்சந்திரனும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே எழுந்து வந்தான். ஆனால் வீட்டுக்கு வந்தபோது சிரிப்பு இல்லை.

“யாருன்னு தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?” என்றாள் சுதாராணி.

“தெரியல. தெரியாமப் போக முடியாது.”

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம், ஷார்ஜாவிலிருந்து சூப்பர்வைசர் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்ததால் வளைவுக்கு ஏறினான். தூறலும் காற்றுமாக இருந்தது. பள்ளத்திலிருந்து மஞ்சு ஏறி வந்து பாதையை மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. அது விலகினால் கீழே பெரியகுளத்து விளக்குகள் தெரியும். அந்தச் சமவெளி டவரிலிருந்துதான் வளைவுக்குச் சிக்னல். ஓரடி இந்தப் பக்கம் நகர்ந்தால் போய்விடும். அந்தச் சரியான இடத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் சாக்கு, முழங்கால் வரை மடித்த வேட்டி.

மூக்கையா.

ஜெயச்சந்திரனின் கால் ஒரு கணம் தயங்கியது. அதற்குக் காரணம் இருந்தது.

மூக்கையாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. லயத்தில் கடைசி வீடு. யாரோடும் எதற்காவது வம்புக்கு நிற்கிற வாய். ஆனால் விடியுமுன் குளித்து விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார். குழுவில் சேர்ந்ததிலிருந்து, தினமும் விளக்கேற்றி முடித்து, ஒரு முருகன் பாட்டைத் தன் குரலில் பாடிப் பதிந்து வைத்து, வளைவுக்கு ஏறி வந்து அனுப்பிவிடுவார். சுருதி சேராத நீளமான பாட்டு. இங்கே கோழி கூவும் நேரம் ஷார்ஜாவில் நடுச்சாமம். குவைத்திலிருந்து நல்லுசாமி எழுதினான்: “அட்மின் என்ன பண்றாரு? மனுசன் தூங்க வேணாமா?” சிங்கப்பூரிலிருந்தும் ஒருவன் எழுதினான். ஜெயச்சந்திரன் குழுவில் மரியாதையாக எழுதிப் பார்த்தான்: காலையில் பதிவு அனுப்ப வேண்டாம் என்று. மறுநாளும் பாட்டு வந்தது. அன்று அவனுக்கு ரெட்டை ஷிப்ட். கண் எரிச்சலோடு அவர் பெயரை அழுத்தி, குழுவிலிருந்து எடுத்துவிட்டான். ஒரு விரல் பட்ட நேரம் கூட ஆகவில்லை. யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவனும் அதை மறந்துவிட்டான்.

“என்னா மாப்ள, சென்ட்டு வாசம் எப்பவோ வந்துருச்சு, நீ இப்பத்தான் வர்ற” என்றார் மூக்கையா, திரும்பாமலே. பிறகு போனைப் பார்த்து, “அக்கா, நம்ம சின்னத்தாயி மகன். வெளிநாட்டுக்காரன்” என்றார்.

போனில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கும் அவருடைய அக்கா கந்தம்மாளின் முகம் தெரிந்தது. குடும்பத்தில் பாதிப் பேர் கப்பலேறி வந்தபோது மீதிப் பாதியோடு அங்கேயே தங்கிவிட்டவர். “எப்பிடி மகன், சொகமா? அம்மாவப் பத்தித் தம்பி கதைச்சிச்சு. நல்ல மனுசி” என்றார். ஜெயச்சந்திரன் கும்பிட்டான்.

“சரி, வைக்கா. தண்ணி தலையில கொட்டுது. நாளைக்குப் பேசுவோம்.”

தலையில் கொட்டத்தான் செய்தது. ஏனென்றால் மூக்கையாவின் கையில் குடை இருந்தும் அவர் அதைத் தனக்குப் பிடித்துக்கொள்ளவில்லை. கையை நீட்டி, போனுக்குப் பிடித்திருந்தார். கறுப்புக் குடை. ஒடிந்த கம்பியில் சிவப்பு நூல்.

ஜெயச்சந்திரன் அதைப் பார்த்தபடியே நின்றான். சட்டைப்பையில் அவனுடைய போன் அடித்து ஓய்ந்தது. அவன் எடுக்கவில்லை.

“மாமா, எங்கம்மாவ எடுத்தன்னைக்குப் போனப் புடிச்சது நீங்களா?”

“யாராச்சும் புடிக்கணும்ல.”

“ஊரு பூராக் கேட்டுட்டேன். நீங்க சொல்லவே இல்லையே.”

“எங்கிட்ட நீ கேக்கவே இல்லையே” என்றார் மூக்கையா. அது உண்மை. எல்லா வீட்டுக்கும் போனவன், கடைசி வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

“அம்புட்டு நேரம் அப்பிடியே நின்னீங்களே மாமா.”

“நகந்தா நீ அந்துபோயிருவ. நகராம நின்னேன். நாங்கூட மண்ணு போடல, பாத்துக்க. எல்லாரும் போட்டாங்க. எறங்கிப் போனா உனக்குப் படம் போயிரும். சரி, அவ மகன் பாக்குறதுதான் அவளுக்குச் சந்தோசம்னு விட்டுட்டேன்.” அவர் குடையை மடக்கி உதறினார். “உங்கம்மாவும் நானும் ஒரே கப்பல்ல வந்தவுங்க. மண்டபம் முகாமுல எனக்குக் காய்ச்ச. எங்கம்மாளுக்குக் கைக்குழந்த வேற. உங்கம்மாதான் என்னைய இடுப்புல தூக்கிட்டு அலைஞ்சா. அவளே அப்ப சின்னப் புள்ள.”

ஜெயச்சந்திரன் இடுகாட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தான். “சேதி தெரிஞ்சதும் மொத ஆளா வாசலுக்கு வந்துருப்பீங்க.”

“எங்க வந்தேன். க்ரூப்புல காலையிலயே போட்டாங்களாம். எனக்குத்தான் அதெல்லாம் வராதே. காட்டுல கெடந்தேன். கொட்டுச் சத்தம் கேட்டு, யாருக்கோன்னு நெனச்சுத்தான் வந்தேன். வந்து பாத்தா சின்னத்தாயி.”

அவர் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அதனாலேயே அது அவனை அதிகமாக அறுத்தது.

“மாமா, உங்கள எடுத்தது நாந்தான்.”

“தெரியும். டீக்கடையில வாசிச்சுச் சொன்னாங்க, உம் பேருதான் போட்டிருக்குன்னு.”

“அதுக்கு முன்னாடி அனுப்ப வேணாம்னு எழுதியிருந்தேன்.”

“எழுதுனா? எனக்கு எழுத்து எங்கடா தெரியும்? வாயால சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன்.” மூக்கையா சிரித்தார். “விடு. ராத்திரி வேலை பாக்குற புள்ளைகளுக்கு நாந்தான் ரோசனை இல்லாம அனுப்பிட்டேன்.” சாக்கைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார்.

வீட்டில் சுதாராணி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைக் கேட்டு அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“அதான் அவரு வேலையில்லாமத் திரிஞ்சாரா? பூண்டு எடுக்க ஆள் வேணும்னா க்ரூப்புலதான போடுறாங்க. அவரு மறுநாள் போயி நின்னுட்டு, ஆள் ஆச்சுன்னு திரும்பி வருவாரு. குசும்பு புடிச்ச ஆளு, அதான் யாரும் கூப்புடலன்னு நெனச்சேன்.”

ஜெயச்சந்திரன் போனை எடுத்துக் குழுவில் பின்னால் போனான். பழைய பதிவுகள் அப்படியே இருந்தன. அவர் கடைசியாக அனுப்பியதை அழுத்தினான். கரகரத்த குரலில் பாட்டு வந்தது. முதல் அடியிலேயே நிறுத்திவிடுவதுதான் எல்லாருக்கும் வழக்கம். அவனும் ஒரு நாளும் அதைத் தாண்டிக் கேட்டதில்லை. இன்று நிறுத்தவில்லை.

பாட்டு முடிந்தது. பதிவு முடியவில்லை. மணி அடிக்கிற சத்தம். பிறகு அதே குரல், பாடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதுபோல:

“அப்பா முருகா, நம்ம லயத்துப் புள்ளைக தூரத்துல கெடக்குதுக. நீதான் பாத்துக்கணும். நல்லுசாமி, குவைத்து. அவன் முதலாளி சம்பளத்த இழுக்குறானாம், என்னான்னு கேளு. பிரசாந்து, சிங்கப்பூரு. ஒசரத்துல நின்னு வேலை செய்யிறான், கால் வழுக்காமப் பாத்துக்க. சின்னத்தாயி மகன் ஜெயச்சந்திரன், சார்சா. ராத்திரி வேலை, பகல்ல கண்ணு மூட மாட்டேங்குதாம், அவுங்காத்தா சொல்லி அழுகுறா. அவனுக்கு நல்ல தூக்கத்தக் குடு.”

இன்னும் பேர்கள் வந்தன. லயத்திலிருந்து போனவர்களில் ஒருவரையும் அவர் விடவில்லை. தினமும் இதே மாதிரி, அந்தந்தக் குடும்பத்தின் அன்றைய கவலையோடு. அவன் முந்தைய நாள் பதிவையும் கேட்டான். அதற்கு முந்தையதையும் கேட்டான். ஒவ்வொன்றிலும் பாட்டுக்குப் பின்னால் அவன் பேர் இருந்தது.

சுதாராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “யாருமே முழுசாக் கேக்கலையே” என்றாள்.

நமக்காக யார் எங்கே வேண்டிக்கொள்கிறார்கள் என்பது நமக்குத் தெரிவதில்லை. பல நேரம் அந்தச் சத்தம் நமக்குத் தொந்தரவாகத்தான் வந்து சேருகிறது.

மறுநாள் காலையில் வெள்ளனே ஜெயச்சந்திரன் கடைசி வீட்டுக்குப் போனான். கையில் ஷார்ஜாவிலிருந்து கொண்டுவந்த கனத்த கம்பளி. மாமனாருக்கென்று வாங்கியது.

மூக்கையா வாசலில் உட்கார்ந்து மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அவன் மன்னிப்புக் கேட்டான். அவர் காது கேளாதவர்போல ஆப்பை அடித்தார். குழுவில் மறுபடி சேர்க்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் நிமிர்ந்தார்.

“சேத்துவிடு. காட்டுச் சோலி இருந்தா தெரியும்ல.”

“பாட்டையும் அனுப்புங்க மாமா. நாங்க கேக்குறோம்.”

“நீ கேப்ப. நல்லுசாமி கேப்பானா? வேணாம். போன் இல்லாமயே சொல்லிக்கிறேன். சொல்ல வேண்டிய எடத்துக்குச் சொன்னாச் சரி. நிறுத்திட்டேன்னா நெனச்ச? இன்னைக்குக்கூடச் சொன்னேன்.” ஓரக்கண்ணால் கம்பளியைப் பார்த்தார். “அது என்னாது?”

“உங்களுக்குத்தான்.”

“எதுக்கு?”

“சும்மாதான் மாமா.”

“சும்மாவா? இத்தன வருசமா இல்லாத சும்மா.” அவர் கம்பளியைத் தடவிப் பார்த்தார். நல்ல கம்பளி, அவருக்கும் அது பிடித்திருந்தது தெரிந்தது. ஆனாலும் மடித்து அவன் கையிலேயே வைத்தார். “அன்னைக்கு நின்னதுக்குத்தான் குடுக்குற. வேணாம் மாப்ள. தப்பா எடுத்துக்காத. நான் உனக்காக நிக்கல. அவளுக்குச் செய்ய எனக்குக் கெடச்சது அது ஒண்ணுதான். அதுக்கு ஒரு பொருள வாங்கிட்டேன்னா அது போயிரும்.”

“அப்ப நான் என்னதான் மாமா செய்யிறது?”

“காப்பி குடிச்சிட்டுப் போ” என்றார் மூக்கையா.

குடித்துவிட்டு வந்தான். அன்று சாயங்காலம் வளைவிலிருந்து அவரைக் குழுவில் சேர்த்தான். எழுதாமல், பேசிப் பதிந்து அனுப்பினான்: மூக்கையா மாமாவை எடுத்தது தன் தப்பு, அவருடைய பழைய பதிவுகளை எல்லாரும் ஒரு தடவை கடைசிவரை கேட்க வேண்டும். ரெண்டு நாள் குழுவில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு குவைத்திலிருந்து நல்லுசாமி, “நேத்துச் சம்பளம் வந்துருச்சுன்னு சாமிகிட்டச் சொல்லிருங்க மாமா” என்று பேசி அனுப்பினான். மூக்கையா அதை டீக்கடையில் எல்லாருக்கும் போட்டுக் காட்டியதாகக் கேள்வி. அந்த வாரமே பூண்டுக் காட்டில் அவருக்கு வேலையும் கிடைத்தது.

ஆனால் அது செய்த தப்பைத் திருத்தியது மட்டும்தான். மழையில் நின்றதற்கு ஈடாகவில்லை. அது ஜெயச்சந்திரனுக்குத் தெரிந்திருந்தது. லீவு முடியப் போகிறது. கொடுத்தால் வாங்க மாட்டார். கொடுத்தது தெரிந்தால் அவரிடம் இருப்பதையும் எடுத்துக்கொண்டது போலாகும். சாயங்காலம் சாயங்காலம் அவன் வளைவுக்குப் போகும்போது, மூக்கையா அந்த ஒரே இடத்தில், சாக்கைப் போர்த்திக்கொண்டு, காலை மாற்றி மாற்றி ஊன்றி நின்று ஹட்டனோடு பேசிக்கொண்டிருப்பார். உட்கார ஒரு கல் கிடையாது. பேச்சு நீண்டால் முட்டியைப் பிடித்துக்கொள்வார். குடை எப்போதும் போனுக்குத்தான்.

கிளம்புவதற்கு முந்தைய நாள், நடுச்சாமம் தாண்டியதும் அவன் எழுந்தான். சுதாராணியும் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் போட்டதில் மிச்சமிருந்த தகரம், கட்டுக்கம்பி, கடப்பாறை, அரைச் சாக்குச் சிமெண்ட், ஒரு குடம் தண்ணீர், எல்லாவற்றையும் ரெண்டு நடையாகத் தூக்கிக்கொண்டு வளைவுக்கு ஏறினான். நாலு தைல மரக் கம்புகளை முந்தைய நாளே வெட்டி, இடுகாட்டு வேலி ஓரம் போட்டு வைத்திருந்தான்.

முதலில் போனைக் கையில் பிடித்து, முன்னும் பின்னும் நகர்ந்து, சிக்னல் விடாமல் நிற்கும் இடத்தைச் சரியாகக் குறித்துக்கொண்டான். மூக்கையாவின் கால் பட்டுப் பட்டு அங்கே புல் முளைக்காமல் இருந்தது. அந்த இடத்தில் உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே போன் வரும்படி உயரம் பார்த்தான். பழைய மதகிலிருந்து பெயர்ந்து ஓடையில் கிடந்த பலகைக் கல்லைப் புரட்டிப் புரட்டி ஏற்றினான். சின்னக் கற்களை அடுக்கிச் சாந்து வைத்து, அதன்மேல் பலகைக் கல்லைக் கிடத்தி, ஆடுகிறதா என்று நான்கு மூலையிலும் ஏறி நின்று பார்த்தான். கம்புகளை நட்டான். காற்று பள்ளத்திலிருந்து வரும் என்பதால் தகரத்தை அந்தப் பக்கம் சாய்வாக இறக்கி, கம்பியால் முறுக்கிக் கட்டினான். வெட்டுப்பட்ட விளிம்பு யார் தலையையும் கிழித்துவிடாதபடி மடித்துத் தட்டினான். தட்டும் சத்தம் கீழே கேட்கக் கூடாதென்று சாக்கை வைத்துத் தட்டினான்.

நடுவில் ஒரு தடவை பால் ஜீப் ஏறி வந்தது. விளக்கு வெளிச்சம் வளைவில் திரும்புவதற்குள் மரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஜீப் நிற்காமல் போயிற்று.

யார் செய்தது என்று ஊரில் பேசுவார்கள். பஞ்சாயத்து என்பார்கள், டூரிஸ்ட் யாராவது என்பார்கள். திருமலைச்சாமி, நாந்தான் என்றுகூடச் சொல்லிக்கொள்ளலாம். அதை நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. சாந்து காயும்வரை யாரும் உட்கார்ந்துவிடாதபடி கல்லின்மேல் முள்செடி ஒன்றை வெட்டி வைத்தான்.

பக்கத்து இடுகாட்டில் அம்மாவின் மண்மேடு புல் மூடிக் கிடந்தது. அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்துக் கும்பிட்டான்.

கிழக்கே வெளுத்தது. தூறல் ஆரம்பித்து, தகரத்தில் முதல் சொட்டுகள் விழுந்தன. முள்ளை ஒதுக்கிக் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். நனையவில்லை. ஓடைத் தண்ணீரில் சிமெண்டுக் கையைக் கழுவினான். கடப்பாறையைத் தோளில் போட்டுக்கொண்டு, லயத்தில் முதல் அடுப்பு புகையுமுன் இறங்கினான்.